பீட்டில் தானுந்தின் பின்புறத் தொங்கல் மாற்றம்

பழைய வோல்க்ஸ்வேகன் பீட்டில் தானுந்துகளில் ஆர்வலர்கள் பெரிய இயந்திரம் பொருத்துவது வழக்கம். அவ்வாறு மாற்றப்பட்ட வண்டியின் பின்புறச் சஸ்பென்சனை, அதாவது தொங்கல் அமைப்பை, கூடிய வேகத்துக்கு ஏற்ப மேம்படுத்துவதே பின்புறத் தொங்கல் மாற்றம் ஆகும்.

இவ்வண்டிகளின் பின்புறம் ஊசல் அச்சு வகையைச் சேர்ந்தது. ஒவ்வோர் அரை அச்சுக்கும் பற்சக்கரப் பெட்டியின் பக்கம் மட்டுமே மூட்டு உண்டு. சக்கரத்தின் பக்கம் இல்லை. எனவே அச்சு சாயும்போது சக்கரமும் சாய்கிறது. வளைவில் விரைந்து செல்கையில் முடுக்கியிலிருந்து காலைத் திடீரென எடுத்தால் பின்பகுதி உயர்ந்து, வெளிச்சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும். டயரின் பிடிப்புக் குறைந்து வண்டி சறுக்கும், கவிழவும் கூடும். தொடக்ககாலச் செவ்ரோலெட் கோர்வேரிலும் இருந்த இக்குறையை ரால்ஃப் நேடரின் 1965ஆம் ஆண்டு நூல் பரவலாக அறியச் செய்தது.

எளிய தீர்வு, பற்சக்கரப் பெட்டியின் கீழ்நடுவில் ஊசலாடும்படி பொருத்தப்படும் குறுக்கு வில்பட்டை ஆகும். அதன் இரு முனைகளும் அச்சுக் குழாய்களைத் தாங்கி, சக்கரங்கள் கீழிறங்குவதைக் கட்டுப்படுத்துகின்றன. கடினமான அதிர்வுத் தணிப்பான்கள் மட்டும் இதற்கு ஈடாகா.

முறுக்குத் தண்டைத் திருப்பியும் பின்புறத்தைத் தாழ்த்தலாம். தண்டின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் இருப்பதால் ஏறத்தாழ 0.8 பாகை அளவுக்கு நுண்ணிய மாற்றம் இயலும். மிகையாகத் தாழ்த்தினால் டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும்.

முழுமையான தீர்வு இரட்டை மூட்டு அச்சே. அமெரிக்காவுக்கான பீட்டில்களில் 1969 மாதிரி முதல் இது பொதுவானது. பழைய சட்டகத்தில் இதனைப் பொருத்தத் தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும்; அவை கோணம் பிசகினால் பின்சக்கரங்கள் நேராக நில்லா.