கிண்ணத்தில் முடியும் சமையல்: வியட்நாமின் ஃபோ உணவு பற்றிய ஆய்வு

1. பெயரும் வரையறையும்

அடுப்பிலிருந்து இறக்கியதும் சமையல் முற்றுப்பெற்றுவிடுகிறது என்றே பெரும்பாலும் கருதுகிறோம். வியட்நாமின் தெருவோரக் கடைகளில் விடியற்காலையிலேயே கிண்ணம் கிண்ணமாகப் பரிமாறப்படும் ஃபோ இக்கருத்துக்குப் பொருந்துவதில்லை. அதன் சமையல் எங்கே முடிகிறது, யார் கையில் முடிகிறது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

முதலில் பெயர். நாம் ‘ஃபோ’ என்று எழுதினாலும் வியட்நாமியர் நாவில் அவ்வுயிர் ஓகாரமன்று, அகரத்துக்கு அணித்தானது. சொல் தாழ்ந்து எழும் தொனியில் ஒலிக்கும். அத்தொனிக்கு அவர்கள் இட்ட பெயரே ‘கேள்வித் தொனி’ என்பது. சொல்லின் பிறப்புப் பற்றி இரு கொள்கைகள் உண்டு. பிரெஞ்சுக்காரரின் ‘போத்தொஃபெ’ என்னும் மாட்டிறைச்சிக் கொதியலின் ஈற்றுச் சொல்லே திரிந்தது என்பது ஒன்று. அரிசி நூடுல்ஸைக் குறிக்கும் கான்டனீயச் சொல்லே மருவியது என்பது மற்றொன்று. எதை ஏற்பினும் காலமும் இடமும் மாறுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில், வடக்கே நாம் தின் மாநிலத்திலும் ஹனோயிலும் இவ்வுணவு உருக்கொண்டது. அதுவரை பெரிதும் உழவுக்கு நின்ற மாடு, பிரெஞ்சு ஆட்சியில் இறைச்சிக்கும் அறுக்கப்பட்டது, எலும்பு மலிந்தது. காவடித்தண்டின் ஒரு தலையில் அடுப்பும் பானையும், மறு தலையில் கிண்ணங்களும் தொங்க, வணிகர் தெருத்தெருவாக நடந்து விற்றனர்.

வரையறை வருமாறு: மணப்பொருள் ஏற்றிய தெளிந்த எலும்புச்சாற்றைக் கொதிக்கக் கொதிக்கத் தட்டையான அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றி, அச்சூட்டிலேயே இறுதிப் பக்குவம் எய்தச்செய்யும் உணவு ஃபோ எனப்படும்.

இவ்வரையறையில் மாட்டிறைச்சி இடம்பெறவில்லை. எழுத்தாளர் நுயென் துவான் 1957இல் ஃபோ பற்றி எழுதிய கட்டுரையில் மாட்டிறைச்சியே அதன் அடிப்படை என்று நிறுவ முயன்றார். அவர் நாவின் நுண்மையை மதிக்கிறோம்; முடிவை ஏற்க இயலவில்லை. கோழி ஃபோ ஹனோயிலேயே வேரூன்றியது. அதனினும் வலிய சான்று போர்க்காலத்தது. வடக்கின் அரசுக் கடைகளில் இறைச்சியே இல்லாத கிண்ணம் விற்கப்பட்டபோது, அமெரிக்கரின் ஆளில்லா வேவு விமானங்களை நினைத்து மக்கள் அதற்கு ‘ஓட்டுநர் இல்லாத ஃபோ’ என்று பெயரிட்டனர். ஓட்டுநர் இல்லாதபோதும் அது ஃபோவாகவே இருந்தது. வதக்கிய ஃபோ, சுருட்டிய ஃபோ என்பன சாறு இல்லாதவை. அங்கே அச்சொல் நூடுல்ஸை மட்டும் குறிக்கும் ஆகுபெயர் என்க.

2. ஆக்கம்

அடுப்படியில், உண்பவர் வருமுன் நிகழ்வன அனைத்தையும் ஆக்கம் என்போம். அதன் பெரும்பகுதி சாறு. எலும்பை ஒருமுறை கொதிக்கவைத்து, அந்நீரைக் கொட்டிக் கழுவி, புதுநீரில் மீண்டும் ஏற்றிப் பல மணி நேரம் சிறுதீயில் விடுவர். பல கடைகளில் இரவு முழுதும். தீ மிஞ்சினால் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிச் சாறு கலங்கும். ஆகவே தெளிவு என்பது பொறுமையின் அளவு. எலும்பிணைப்புகளின் கொலாஜன் மெல்ல ஜெலட்டினாகக் கரைந்து சாற்றுக்குக் கனம் தரும். நெருப்பில் நேரே சுட்ட வெங்காயமும் இஞ்சியும், வறுத்த அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, பெரிய ஏலக்காய் ஆகியனவும் மீன்சாறும் பின்னர்ச் சேரும். பிரியாணியில் நாம் அறிந்த மணங்கள்தாம் பல. ஆனால் அங்கே அவற்றைத் தாங்குவது நெய், இங்கே நீர். மிளகாயும் மஞ்சளும் சாற்றில் இல்லாமையால் ஒவ்வொரு மணமும் தனித்து நிற்கிறது.

3. முடிப்பும் அதன் வகைகளும்

கிண்ணத்தில் சாறு விழுந்த கணம் முதல் உணவு வாய்க்குள் செல்லும் வரை அதன் பக்குவத்திலோ சுவையிலோ நேரும் மாற்றத்தை முடிப்பு என்போம். அது இருவகைப்படும். சூட்டினால் தானே நிகழ்வது தன்முடிப்பு: பச்சையாகச் சீவிவைத்த இறைச்சி கிண்ணத்திலேயே செந்நிறம் மாறி வேவதும், வெங்காயத்தாள் துவள்வதும் இதற்குச் சான்று. உண்பவர் கையால் நிகழ்வது உண்போர்முடிப்பு.

ஹனோய் மரபில் தன்முடிப்பே மேலோங்கும். பூண்டு ஊறிய காடி, மிளகாய், தொட்டுண்ணப் பொரித்த மாவுத்துண்டு. இவ்வளவே மேசையில் இருக்கும். அங்கே பாட் தான் தெருவின் புகழ்பெற்ற கடையில் வரிசையில் நின்று, பணம் செலுத்தி, கிண்ணத்தை நாமே ஏந்திச் சென்று அமர்கிறோம். கிண்ணத்தைச் சுமக்கும் வேலை நம்முடையது. அதன் சுவையைத் தீர்மானிக்கும் வேலை பெரும்பாலும் சமைத்தவருடையது.

1954இல் ஜெனீவா உடன்படிக்கை நாட்டைப் பிரித்தபின், வடக்கிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் பேர் தெற்கே பெயர்ந்தனர். ஃபோவும் அவர்களோடு சைகோனில் பரவியது. தெற்கின் நிலமோ இலைதழைகளும் இனிப்பும் மலிந்தது. அங்கே மேசைக்கு ஒரு தட்டு வந்து சேர்ந்தது: முளைகட்டிய பச்சைப்பயறு, எலுமிச்சைத் துண்டு, அரிந்த மிளகாய், வாள்பல் விளிம்புள்ள நீளிலைக் கொத்தமல்லி, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமாகிய துளசிவகை. உடன் இனிப்பான கரிய சோயாக்குழம்பும் மிளகாய்க் குழம்பும். 1975க்குப் பின் கடல்கடந்து சென்றோருள் மிகப்பலர் தெற்கத்தியர். ஆதலின் உலகின் பிற நகரங்கள் அறிந்த ஃபோ பெரும்பாலும் இதுவே.

தெற்கின் வழக்கைக் கலப்படம் எனக் குறைகூறுவோர் உளர். அது தவறு என்பது எம் துணிபு. அன்னாசிப்பூவின் மணத்துக்குக் காரணமான அனித்தோலும், அத்துளசியின் மணத்துக்குக் காரணமான எஸ்ட்ராகோலும் வேதியியலில் மிக நெருங்கிய உறவினை உடையவை. இரவெல்லாம் கொதித்து அடங்கிய மணத்துக்கு அதன் பச்சை உறவை உண்பவர் கை கடைசிக் கணத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆக்கத்துக்கு இசையாத ஒன்றை மேசை திணிக்கவில்லை. ஆக்கத்தில் இருந்ததையே தொடர்கிறது.

4. உண்ணும் படிகள்

சிறு முக்காலியில் அமர்ந்து, குச்சிகளையும் கரண்டியையும் தாளால் துடைத்துக்கொள்வது தொடக்கம். வலக்கையில் குச்சிகள், இடக்கையில் கரண்டி.

முதற்படி அறிதல். எதையும் சேர்க்காமல் ஒரு கரண்டிச் சாற்றை அருந்த வேண்டும். உப்பும் இனிப்பும் எவ்வளவு என அறியாதவர் எதைக் கூட்டுவதென்று அறியார். கிண்ணம் வந்ததுமே குழம்பைப் பிழிவோர் பலர். அவர்கள் இழப்பது இக்கரண்டியை.

இரண்டாம் படி சேர்த்தல். இதில் வரிசை மிக முக்கியம். கிண்ணத்தின் சூடு ஒரு கைம்முதல். ஒருமுறை செலவழிந்தால் மீளாது. பச்சை இறைச்சிக்கும் சூடு வேண்டும், குளிர்ந்த முளைப்பயறும் சூட்டை வாங்கும். எனவே இறைச்சியை முதலில் சாற்றுக்குள் அமிழ்த்தி, அது நிறம் மாறியபின் பயறை இடுக. வெந்நீரில் முக்கிய பயறைக் கேட்டு வாங்கினால் இப்போட்டியே இல்லை. இலைகளைக் கிள்ளிச் சிறிது சிறிதாக இடுக. மொத்தமாக இட்டால் யாவும் ஒருங்கே துவண்டு, பாதிக் கிண்ணத்துக்குமேல் மணம் இராது. எலுமிச்சையை இலைகளுக்குப் பின் பிழிக, சில துளிகளே. கரிய குழம்பைச் சிறுதட்டில் ஊற்றி இறைச்சியைத் தொட்டுக்கொள்வது சாற்றின் தெளிவைக் காக்கும்.

மூன்றாம் படி உண்ணுதல். அது விரைவாக நிகழ வேண்டும். அரிசி மாச்சத்து சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் நூடுல்ஸ் ஊதிக் குழைந்துவிடும். பேச்சு குறைந்து, உறிஞ்சும் ஓசை மிகும் இச்சிறுபொழுதை நாகரிகக் குறைவாகக் கொள்ளற்க. பொருளின் இயல்பே அவ்வேகத்தைக் கோருகிறது.

இறுதியில் கிண்ணத்தின் அடியில் எஞ்சுவது முதற்கரண்டியில் கண்ட சாறன்று. புளிப்பும் காரமும் இலைமணமும் இறைச்சியின் சாரமும் அதில் கலந்துள்ளன. பக்கத்து முக்காலியில் இருப்பவருக்கும் அதே அண்டாவிலிருந்துதான் மொண்டு ஊற்றினர். அவர் கிண்ணத்தில் எஞ்சியிருப்பது வேறொரு சாறு.