ஓவியர் எழுப்பிய ஊர்

வைகைக்கு வடகரையில் உள்ள மாட்டுத்தாவணி, மாட்டுச் சந்தையால் பெயர் பெற்ற இடம். இன்று அது மதுரையின் பெரும் பேருந்து நிலையம். சந்தைக்கு வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து விலை மதிக்கலாம்; புதுநெறியில் தீட்டிய ஓவியத்திற்கு எவர் விலை மதிப்பார்? அவ்வூர் இளைஞர் ஒருவர், "என் படங்களை வாங்குவார் இல்லை ஐயா. தூரிகையைக் கீழே வைத்துவிடட்டுமா?" என்று அண்மையில் என்னைக் கேட்டார். அவருக்கு நான் கூறிய வரலாற்றையே நேயர்களாகிய உங்களுக்கும் கூற விழைகிறேன்.

1960களில் சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக விளங்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். எழுத்தையும் குறியீட்டையும் சாதகக் கட்டத்தையும் ஓவியமாக்கிய புதுமையாளர் அவர். தம் மாணவர் பலர் படிப்பு முடிந்ததும் பிழைப்பைத் தேடிக் கலையைக் கைவிடுவது அவரை வருத்தியது. எனவே ஓவியரும் சிற்பியரும் ஒன்றுகூடிக் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். பாத்திக் துணி முதலியவற்றைச் செய்து விற்றனர். மதுரைச் சுங்குடியில் முடிச்சிட்ட இடத்தில் சாயம் ஏறாது அல்லவா? பாத்திக்கில் மெழுகிட்ட இடத்தில் ஏறாது.

அவ்விற்பனையில் சேர்ந்த பொருளைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். 1966இல் அங்கே எழுந்ததுதான் சோழமண்டல ஓவியர் கிராமம். சுல்தான் அலி, ஜானகிராம், வாசுதேவ், நந்தகோபால் எனப் பல மொழியினரும் சமயத்தினரும் அதில் பங்கு கொண்டனர். ஒருவர் பாணியை மற்றவர் மேற்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

கைவினை ஓவியனின் பொழுதைத் தின்றுவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். சிறிது தின்னத்தான் செய்யும். ஆயினும் அவர்கள் சந்தைக்குக் கொடுத்தது பொழுதை. கொடாதது கலையின் உரிமையை. மெழுகு துணியைக் காப்பது போலக் கைத்தொழில் கலையைக் காத்தது. பணிக்கர் 1977இல் மறைந்தார், ஊர் மறையவில்லை. 2009இல் அங்கே ஓர் ஓவியக் காட்சியகமும் திறக்கப்பெற்றது.

அவ்விளைஞரின் அன்னையார் சுங்குடிக்கு முடிச்சிடுபவர். "அம்மா தொழிலைத் தாழ்வாக எண்ணாதீர், தம்பி. உம்மைப் போன்றோர் நால்வரைச் சேர்த்துக்கொள்ளும். தூரிகையைக் கீழே வைப்பதைப் பிறகு பார்க்கலாம்" என்றேன்.