பெயர் சொன்னால்தான் சாப்பாடு!

1872-ம் வருடம். தெற்குச் சீனாவில் ஒரு தகப்பனார் அரசாங்கத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: என் மகனைப் படிப்பதற்காக அமெரிக்காவுக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன். திரும்பி வந்ததும் அரசாங்கம் சொல்கிற வேலையைச் செய்வான். போன இடத்தில் நோய்நொடி வந்து இறந்துபோனால் அது அவன் விதி. யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்.

பையனின் பெயர் ஜான் தியன்யூ. வயது 11! போட்டிருந்த கெடு 15 வருடம்!

உங்கள் வீட்டிலிருந்தோ அடுத்த வீட்டிலிருந்தோ யாராவது இப்போது வெளிநாட்டில் படித்துக் கொண்டிருப்பார்கள். லீவில் வரும்போது பேசிப் பாருங்கள். நாலைந்து நம்ம ஆட்களோடு ஒரே அபார்ட்மென்ட், நம்ம சமையல், ராத்திரி நம்ம சினிமா. 'அந்த ஊர்க்காரங்க வீட்டுக்குள்ள போய் ஒரு வேளை சாப்பிட்டிருக்கியா?' என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். தப்புச் சொல்லவில்லை. பயமும் தனிமையும் இருக்கிற இடத்தில் கூட்டம் சேர்வது மனித சுபாவம். ஆனால், 150 வருடங்களுக்கு முன்பே ஒரு மனிதர் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். அவர் பெயர் யூங் விங்.

மக்காவோவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 1828-ல் பிறந்தவர் யூங் விங். மிஷன் பள்ளியில் படித்தார். ஆசிரியர் சாமுவேல் பிரவுன் 1847-ல் ஊர் திரும்பும்போது மூன்று மாணவர்களைக் கூட அழைத்துப் போனார். யூங் விங் அவர்களில் ஒருவர். மேற்படிப்புக்குப் பணமில்லை. 'மிஷனரியாகப் போவேன் என்று எழுதிக் கொடு, பணம் தருகிறோம்' என்றார்கள். மாட்டேன் என்று விட்டார்! பிறகு ஜார்ஜியா மாநிலத்துப் பெண்கள் சங்கம் ஒன்று உதவ, யேல் கல்லூரியில் சேர்ந்து, மாணவர்களின் மெஸ்ஸை நிர்வகித்துக் கொஞ்சம் சம்பாதித்து, 1854-ல் பட்டம் வாங்கினார். கணக்கில் தடுமாறினாலும் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசுகள் வாங்கினார்! அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவர்தான்.

ஊர் திரும்பியபோது ஒரு சங்கடம். தாய்மொழி மறந்து போயிருந்தது! பெரியவர் மறுபடி உட்கார்ந்து சீன மொழி படித்தார். இந்த விஷயத்தை மனதில் ஓரமாக வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தனக்குக் கிடைத்த படிப்பு தன் நாட்டுப் பையன்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்கு 18 வருடம் காத்திருந்தார். ஓபியம் யுத்தங்களில் அடிமேல் அடி வாங்கியிருந்த சீன அரசுக்கு, மேற்கத்தியரின் பீரங்கியும் கப்பலும் தேவைப்பட்டன. பெரிய தலைகளான ஜெங் குவோஃபானும் லீ ஹோங்ஜாங்கும் ஒருவழியாகத் தலையாட்டினார்கள். வருடத்துக்கு 30 பேர் வீதம் நாலு வருடத்தில் 120 பையன்கள். பெரிய அதிகாரிகள் யாரும் தங்கள் பிள்ளைகளைக் கொடுக்கத் தயாராக இல்லை. காட்டுமிராண்டிகள் தேசத்துக்கா? போனவர்களில் பெரும்பாலானோர் குவாங்டாங் கடற்கரைப் பக்கத்துச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பழகிய ஊர்கள் அவை.

முதல் செட் 1872 ஆகஸ்ட்டில் ஷாங்காயில் கப்பலேறியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கி, போட்டு மூன்றே வருடமாகியிருந்த ரயில் பாதையில் கண்டத்தின் அடுத்த கோடி வரை பயணம். பட்டு அங்கி, முதுகில் நீண்ட பின்னல். தெருவில் போனால் அமெரிக்கப் பொடிசுகள் 'சீனப் பெண் பிள்ளைகள்' என்று பின்னாலேயே ஓடிவரும்!

இப்போதுதான் முக்கியமான கேள்வி. இத்தனை பையன்களை எங்கே தங்க வைப்பது? அரசாங்கப் புத்திக்கு என்ன தோன்றும்? ஒரு பெரிய கட்டடம், வாசலில் காவலாளி, உள்ளே சீனச் சமையல்காரர். நிர்வாகத்துக்கு அதுதான் சுலபம்.

யூங் விங் யேல் கல்லூரித் தலைவர் நோவா போர்ட்டரிடம் யோசனை கேட்டார். கனெக்டிகட் மாநிலக் கல்வித் துறையின் செயலாளர் நார்த்ரப்பிடமும் பேசினார். 'மொத்தமாக வைக்காதீர்கள். இரண்டு பேர், மிஞ்சிப் போனால் நாலு பேர் என்று பிரித்துக் குடும்பங்களில் விடுங்கள்' என்பது நார்த்ரப்பின் யோசனை. டாக்டர், பாதிரியார், பள்ளி ஆசிரியர் வீடுகளாகப் பார்த்துப் பிரித்தார்கள். பள்ளிக்கூடம் அப்புறம். முதலில் வீடு!

அந்த வீடுகளில் என்ன நடந்தது என்பதை லீ யான் ஃபூ என்ற பையன் பிற்பாடு ஒரு புத்தகமாகவே எழுதினார். ஸ்டேஷனுக்கு வந்த வீட்டம்மா, பையனைப் பார்த்ததும் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்து விட்டார். மற்ற பையன்கள் சிரியோ சிரி! குழந்தைப் பருவத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் முத்தம் அதுதானாம்.

அடுத்தது சாப்பாட்டு மேஜை. ஒவ்வொரு பண்டத்தின் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லித் தருவார்கள். அடுத்த வேளை அந்தப் பெயர் ஞாபகமில்லையென்றால் அந்தப் பண்டம் கிடையாது! பசிக்கிற வயதுப் பையனுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணப் புத்தகம் உண்டா? முன்னேற்றம் படுவேகமாக இருந்தது என்கிறார் லீ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 'சண்டே ஸ்கூலுக்குக் கிளம்புங்கள்' என்றார்கள். பையன்களுக்குப் புரிந்தது 'ஸ்கூல்' மட்டும்தான். இந்த ஊரில் ஞாயிறும் லீவு கிடையாதா என்று நொந்து கொண்டு பாடப் புத்தகங்களைத் தூக்கிக் கொண்டு போனார்கள். அங்கே போனால் கோபுரம், கூட்டம், பாட்டு! 'ஐயோ, சர்ச்!' என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஒரே ஓட்டம்!

சில வருடங்களில் பையன்கள் ஆளே மாறிப் போனார்கள். பட்டு அங்கி போய் கோட்டு வந்தது. பின்னலைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டு பேஸ்பால் ஆடினார்கள். 'ஓரியன்டல்ஸ்' என்று சொந்த டீமே வைத்திருந்தார்கள். ஜோங் வென்யாவ் யேல் படகுக் குழுவில் துடுப்புப் போடுகிறவர்களுக்குக் குரல் கொடுத்து வழிநடத்துகிறவர். 1880, 1881 இரண்டு வருடமும் யேல் குழு ஹார்வர்டைத் தோற்கடித்தது. நடன விருந்துகளில் அழகான பெண்கள் சீனப் பையன்களோடுதான் முதலில் ஆட விரும்பினார்கள் என்று, கூடப் படித்த வில்லியம் லயன் ஃபெல்ப்ஸ் எழுதியிருக்கிறார். அதில் லேசாகப் பொறாமை தெரிகிறது!

ஹார்ட்ஃபோர்டில் யூங் விங் ஒரு தலைமையகமும் கட்டினார். பையன்கள் முறை வைத்து அங்கே வந்து சீன இலக்கியம் படிக்க வேண்டும். பேரரசரின் உபதேசங்களைக் கேட்டு, பீகிங் திசை நோக்கி விழுந்து வணங்க வேண்டும். பிரம்படியும் உண்டு. காலையில் பேஸ்பால், மாலையில் பிரம்பு என்றால் எந்தப் பையனுக்கு எது பிடிக்கும்? தாய்மொழி வகுப்பு வேப்பங்காய் ஆனது. தாய்மொழியை மறந்து ஊர் திரும்பி அவதிப்பட்ட யூங் விங்கே, அந்த வகுப்பை எப்படி ருசியாக்குவது என்று அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. திட்டத்தின் முதல் ஓட்டை இது என்பேன்.

பையன்களைக் கண்காணிக்க வந்த அதிகாரிகளில் வூ ட்ஸூடெங் பழுத்த பழைமைவாதி. பையன்களைக் கூப்பிட்டார். வந்தவர்கள் மண்டியிட்டு வணங்காமல் நின்றபடியே பேசினார்கள்! அவருக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. 'படிப்பு குறைவு, விளையாட்டு அதிகம். சிலர் பின்னலை வெட்டி விட்டார்கள், சிலர் கிறிஸ்தவர்களாகி விட்டார்கள். இவர்கள் திரும்பி வந்தாலும் சீனாவுக்குப் பயன்பட மாட்டார்கள்' என்கிற ரீதியில் பீகிங்குக்கு அறிக்கை போனது.

வூவை வில்லனாக்குவது சுலபம். யூங் விங் தன் சுயசரிதையில் அதைத்தான் செய்தார். ஆனால், அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. செலவு சீன மக்களுடைய வரிப்பணம். பையன்கள் சீனர்களாகத் திரும்பி வர வேண்டும் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? விளையாட்டும் விருந்தும்கூடப் படிப்புதான் என்பது அவருக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவும் தன் பங்குக்குக் கழுத்தை அறுத்தது. பையன்களில் சிலரை ராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் சேர்க்கச் சீனா கேட்டது. 1868-ம் வருட ஒப்பந்தப்படி அமெரிக்க அரசுக் கல்வி நிலையங்கள் சீனர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். 'இடமில்லை' என்று பதில் வந்தது! கலிஃபோர்னியாவில் சீனர்களுக்கு எதிரான வெறி உச்சத்தில் இருந்த நேரம். சீனத் தொழிலாளர்களுக்குக் கதவைச் சாத்திய சட்டம் 1882-ல் வந்தது.

திட்டத்தைக் காப்பாற்ற ஒரு முயற்சி நடந்தது. பாதிரியார் ஜோசஃப் ட்விச்செல், ஹார்ட்ஃபோர்டுவாசியான தன் நண்பரை இழுத்துக் கொண்டு, முன்னாள் ஜனாதிபதி கிரான்ட்டைப் பார்க்க நியூயார்க் போனார். அந்த நண்பர்... மார்க் ட்வைன்! கிரான்ட் உடனே லீ ஹோங்ஜாங்குக்குக் கடிதம் எழுதினார். கொஞ்ச நாள் ஒத்திப்போட முடிந்தது. 1881-ல் உத்தரவு வந்துவிட்டது. மூட்டையைக் கட்டு!

பலர் யேல், எம்.ஐ.டி. என்று காலேஜ் வாசல் ஏறியிருந்தார்கள். திட்டத்தில் இருந்தபடியே பட்டம் முடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர், நாம் ஆரம்பத்தில் பார்த்த 11 வயது ஜான் தியன்யூ.

ஷாங்காயில் மாலை மரியாதை எதிர்பார்த்து இறங்கியவர்களைச் சுற்றிச் சிப்பாய்கள். ஊர்வலமாக நடத்திப் போய், ஈரம் கசிந்து பூசணம் நாறிய பழைய கட்டடத்தில் காவலில் வைத்தார்கள். யார் என்ன படித்தார்கள் என்று கேட்க ஆளில்லை. நீ தந்தி, நீ கப்பல், நீ மருத்துவம்... முடிந்தது! சிவில் இன்ஜினீயரிங் படித்த ஜான் தியன்யூவைக் கடற்படைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1884-ல் ஃபூஜோ துறைமுகத்தில் சீனக் கப்பல்களைத் தாக்கி மூழ்கடித்தபோது, இந்தப் பையன்களில் நாலு பேர் செத்துப் போனார்கள்.

இது இரண்டாவது ஓட்டை. போகிற வழியையும் அங்கே வாழ்கிற வகையையும் அத்தனை அழகாக யோசித்தவர்கள், திரும்பி வருகிறவனை என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

ரயில்வே வேலைக்குப் போக ஜான் தியன்யூ 1888 வரை காத்திருக்க வேண்டி வந்தது. வெளிநாட்டு இன்ஜினீயர்கள் இல்லாமல் சீனர்களாகவே மலையைக் குடைந்து, பீகிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு ரயில் பாதை போட்டார்கள். 1905-ல் தொடங்கி 1909-ல் ரயில் ஓடியது. தலைமை இன்ஜினீயர் ஜான் தியன்யூ!

எனக்கு அதைவிடப் பிடித்தது லியாங் செங்கின் கதை. அமெரிக்காவில் ஆண்டோவர் பள்ளிக்காகப் பேஸ்பால் ஆடிய பையன். 1881-ல் பரம எதிரியான எக்ஸெட்டர் பள்ளியை ஜெயித்த டீமில் இருந்தவர். 1903-ல் சீனத் தூதராக வாஷிங்டன் போனார். பாக்ஸர் கலகத்துக்காகச் சீனா தலையில் கட்டப்பட்ட நஷ்டஈட்டில், அமெரிக்கா நிஜமான சேதத்தைவிட அதிகமாகவே வாங்குகிறது என்பது அவருக்குத் தெரிய வந்தது. சண்டை போடவில்லை. அந்த ஊர்க்காரர்களின் மொழியில், அவர்களுடைய பாணியில் பேசினார். அதிகாரிகளைப் பார்த்தார், பொது மேடைகளில் ஏறினார், விடாமல் நச்சரித்தார். 1908-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு கோடி டாலருக்கு மேல் விட்டுக் கொடுக்கச் சம்மதித்தது. அந்தப் பணத்தில் சீன மாணவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்புவது என்று ஏற்பாடு!

'விளையாட்டு அதிகம்' என்று வூ அறிக்கை எழுதினாரே, அந்தப் பையன்களில் ஒருவர்தான் இதைச் செய்தது.

பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த முதல் 47 மாணவர்கள் 1909-ல் கப்பலேறினார்கள். பொறுப்பாகக் கூட்டிப் போனவர் டாங் குவோ-ஆன். 1881-ல் யேலில் முதல் வருடப் படிப்போடு திருப்பி அழைக்கப்பட்டவர்! இந்த முறை குடும்பத்தில் கொண்டு விட்டுவிட்டால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கிளம்புவதற்கு முன்பே தயார் செய்யப் பீகிங்குக்கு வெளியே ஒரு பள்ளியை 1911-ல் திறந்தார்கள். மொழி, பாடம், அங்கே நடத்துகிற முறை எல்லாவற்றையும் சொந்த மண்ணில் இருக்கும்போதே பழக்கிவிட்டு, பிறகு அனுப்பினார்கள். சிங்ஹுவா என்று பெயர். இன்று சீனாவின் முதல்தர பல்கலைக்கழகங்களில் ஒன்று. அதன் முதல் தலைவர் அதே டாங் குவோ-ஆன்தான். இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. 1913-ல் இறந்துபோனார்.

யூங் விங்? அமெரிக்கா அவருடைய குடியுரிமையை 1898-ல் மறுத்து விட்டது. சீனாவிலோ, சீர்திருத்தக்காரர்களோடு சேர்ந்ததற்காகத் தேடப்பட்டார். 1902-ல் மகனின் யேல் பட்டமளிப்பைப் பார்க்க எப்படியோ அமெரிக்காவுக்குள் வந்து சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டார். 1912 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டில் இறந்தபோது கையில் காசில்லை. அந்த மாதம் புதிய சீனக் குடியரசின் முதல் பிரதமராக நாற்காலியில் இருந்தவர் டாங் ஷாவோயி. யூங் விங் கூட்டிப் போன 120 பையன்களில் அவரும் ஒருவர்.