வெள்ளமும் மருத்துவமனையும்

இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் பிறந்த ஊர் கோலாலம்பூர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் அம்முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மஸ்ஜித் இந்தியா வட்டாரம் அமைந்துள்ளது. 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலே அதற்குப் பெயர் தந்தது. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் உணவகங்களும் நெருங்கி நிற்கும் இத்தெருக்களில் நடப்போர், தம் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடுவதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆறே நினைவூட்டும்போதுதான் நினைப்பர்.

1926ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு அவ்வாறு நினைவூட்டியது. அவ்வெள்ளத்திற்குப் பின்னர் கிள்ளான் ஆற்றின் வளைவுகளை நேராக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. ஆனால், 1971 ஜனவரியில் கிள்ளான், கோம்பாக், பத்து ஆகிய மூன்று ஆறுகளும் ஒருசேரப் பெருகின. உயிரிழந்தோர் 32 பேர். பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 1,80,000 பேர். பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். தலைநகரின் வெள்ளத் தடுப்புத் திட்டம் அந்தத் துயரத்தின் பிள்ளையே எனலாம். 1987இல் பத்து அணை எழுந்தது. 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. கிள்ளான் ஆற்றின் மிகைநீர் நகரின் நடுப்பகுதியை எட்டுமுன்னரே அதனைத் திசைதிருப்பி, தெற்கே கொண்டுபோய் விடுவது அச்சுரங்கத்தின் வேலை. மஸ்ஜித் இந்தியா வணிகர்கள் அதனால் அடைந்த பயன் சிறிதன்று. இருப்பினும், மாலைநேரப் பெருமழையில் திடீர் வெள்ளம் எழுவது இன்னும் முற்றாக நின்றபாடில்லை.

அணையையும் சுரங்கத்தையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். வெள்ளநாளில் நோயாளியின் கதி என்ன என்பது அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

இவ்வட்டாரத்தார் நோயென்றால் நாடுவது, முதியோர் ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்று வழங்கிய கோலாலம்பூர் மருத்துவமனையை. 1870இல் தோன்றிய அம்மருத்துவமனை இன்று பகாங் சாலையில் உள்ளது. பழைய பத்து ரோடாகிய துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை வழியே சௌ கிட்டைக் கடந்தால் போய்ச் சேரலாம். வழக்கமான நாளில் அது அரைமணி நடை. 1971இல் கம்போங் பாருவும் ஆற்றோரத் தெருக்களும் நீருக்குள் கிடந்தபோது அந்த அரைமணி வழிக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? வெள்ளம் வார்டுக்குள் நுழையாவிட்டாலும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையில் அது நின்றுவிடுகிறது.

1926இல் மருத்துவமனைகளின் நிலை வேறு. தோட்ட மருத்துவமனைகளை நம் மக்கள் ‘டிரெசர்’ என்றழைத்த உதவியாளர்கள் தாங்கி நின்ற காலம் அது. கட்டு, களிம்பு, கொயினா, ஊசி ஆகியவற்றோடு சிகிச்சை பெரும்பாலும் முடிந்துவிடும். விளக்கு அணைந்தால் வேறொரு விளக்கை ஏற்றிக்கொள்ளலாம். இன்றோ, மூச்சு வாங்கத் துணைபுரியும் இயந்திரமும், இரத்தச் சுத்திகரிப்புக் கருவியும், மருந்தைக் குளிரில் காக்கும் பெட்டியும் மின்சாரம் இன்றி இயங்கா. மருத்துவம் வளர வளர, வெள்ளத்தின் முன் மருத்துவமனை மேலும் நொய்ம்மையுற்றது என்பது விந்தையான உண்மை.

2012 அக்டோபரில் சாண்டிப் புயல் நியூயார்க் நகரைத் தாக்கியது. 1736இல் தோன்றிய பெல்வியூ மருத்துவமனையில் மின்னாக்கிகள், அதாவது ஜெனரேட்டர்கள், 13ஆவது மாடியில் பத்திரமாகவே இருந்தன. ஆனால், எரிபொருளை மேலேற்றும் பம்புகள் நிலவறையில் இருந்தன, அவை மூழ்கிவிட்டன. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று, எரிபொருளைக் கைக்குக் கை மாற்றி மாடிக்கு ஏற்றினர். இறுதியில் நோயாளிகள் அனைவரையும் வெளியேற்ற நேர்ந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில் சென்னை மாநகரில் அடையாறு கரைபுரண்டபோது, ஆற்றோரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் அற்றது. அங்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோர் பலர் உயிரிழந்த செய்தி தமிழ் கூறும் நல்லுலகை உலுக்கியது. ஆகவே, மின்னாக்கி எங்கே, அதன் பம்பு எங்கே, மின்பலகை எங்கே, எண்ணெய் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பவற்றை மழைக்கு முன்னரே நேரில் சென்று பார்த்து அறிந்திருப்பது மருத்துவமனை ஊழியரின் முதற் கடமையாயிற்று.

நம் நாட்டிற்குப் பெரும்பாடம் கிளந்தானில் கிடைத்தது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் தீபகற்பத்தில் 2,00,000 பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேறினர். கோலக்கிராய் மருத்துவமனையை நீர் சூழ்ந்து தீவாக்கியது. சாலை அறுந்த நிலையில், கடும் நோயாளிகள் ஹெலிகாப்டர் வழி அனுப்பப்பட்டனர். கூபாங் கிரியான் பல்கலைக்கழக மருத்துவமனை பிற மருத்துவமனைகளின் நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. வடகிழக்குப் பருவமழைக் காலம் நெருங்கும்போது, பேறுகாலம் அண்மித்த தாய்மாரையும் இரத்தச் சுத்திகரிப்பு நோயாளிகளையும் பட்டியலிட்டு, நீர் ஏறுமுன் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றுவது கிழக்குக் கரையில் நடைமுறையாக உள்ளது. ஹெலிகாப்டரைக் காட்டிலும் இந்தப் பட்டியலே அதிக உயிரைக் காக்கவல்லது என்று துணிந்து கூறலாம்.

ஆயினும், எந்தத் திட்டத்திலும் ஒரு பொத்தல் உண்டு. வையை பெருகியபோது பாண்டியன் கரையை வீட்டுக்கொரு பங்காக அளந்து கொடுத்தான். ஆளில்லாத வந்திக் கிழவியின் பங்கு மட்டும் அடைபடாமல் நின்றது என்பது திருவிளையாடற் கதை. மருத்துவமனையிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு அளந்து கொடுக்கப்படுகிறது. ஆனால், தாதியும் ஓட்டுநரும் சமையற்காரரும் அதே ஊரில்தான் குடியிருக்கின்றனர். வெள்ளம் அவர்கள் வீட்டையும் விட்டுவைப்பதில்லை. 2014இல் கிளந்தான் மருத்துவமனை ஊழியர் பலர், தம் இல்லம் நீரில் கிடக்க, பிறர் பிள்ளையைக் காத்து நின்றனர். வந்தியின் பங்கை அடைக்க இறைவனே கூலியாளாக வந்தான்; மருத்துவமனைக்கோ மாற்று ஆள் பட்டியல் ஒன்றுதான் கதி. யார் வீடு தாழ்நிலத்தில் உள்ளது, யார் இரவு தங்க முடியும், தங்குவோர்க்குப் பாயும் உணவும் உண்டா, அவர்தம் குடும்பத்தை யார் பார்ப்பார் என்பன அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். கட்டடப் பொறியாளர் இதனை வரைந்துதர இயலாது. தலைமைத் தாதியே அறிவார்.

கோலாலம்பூருக்குக் கிளந்தானின் நாள்கணக்கு வாய்ப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இருளும் வானம், ஓரிரு மணி நேரத்திலேயே தெருவை ஆறாக்கிவிடும். மாற்றம் செய்ய நேரமில்லை. ஒத்திகை பார்த்த கை மட்டுமே வேலை செய்யும். மாறாக, 2021 டிசம்பர் 18இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை நில்லாது பொழிந்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். திடீர் வெள்ளத்திற்கென வகுத்த திட்டம் நீடித்த வெள்ளத்திற்குப் போதாது என்பதைத் தலைநகர வட்டாரம் அன்று கண்டது. துயர்துடைப்பு மையங்களில் தங்கியோர்க்கு நீரிழிவு மருந்தும் இரத்த அழுத்த மருந்தும் தேடித்தருவதும் மருத்துவ ஊழியர் தலையில் விழும் பணியாகும். ஓடும் அவசரத்தில் மருந்துப்பையை எடுத்தோர் எத்தனை பேர்?

நீர் வடிந்தபின் எலிக்காய்ச்சல் வரும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் காலூன்றியவரைச் சில நாள்களிலோ இரண்டு வாரங்களிலோ அது படுக்கையில் தள்ளும். அன்று கோலாலம்பூரில் இயங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிஞர் வில்லியம் பிளெச்சர் 1920களிலேயே இந்நாட்டில் அந்நோயைக் கண்டறிந்து எழுதினார். தொடக்கத்தில் அது சாதாரணக் காய்ச்சலைப் போலவே தோன்றும். மஸ்ஜித் இந்தியாவில் கடையைக் கழுவிச் சேற்றை வாரிய தொழிலாளி, பத்து நாள் கழித்துத் தசைவலியோடு வந்து நிற்கும்போது, வெள்ளத்தை அவரே மறந்திருப்பார். “எந்த நாளில் வெள்ளநீரில் இறங்கினீர்கள், ஐயா?” என்று மறவாமல் கேட்கும் தாதி ஒருவர் அன்று பணியில் இருத்தல் வேண்டும்.