கொய்மலராகும் காடு: கவாபட்டாவின் ‘கோத்தோ’வில் இயற்கையும் உழைப்பும்

யாசுனாரி கவாபட்டாவின் ‘கோத்தோ’ (‘பழைய தலைநகர்’) 1961 அக்டோபர் முதல் 1962 ஜனவரி வரை அசாஹி ஷிம்புன் நாளிதழில் தொடராக வந்து, 1962இலேயே நூலானது. 1968இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது குறிப்பிடப்பட்ட மூன்று நாவல்களுள் இதுவும் ஒன்று. இந்நாவலைப் பற்றிய வாசிப்பு நெடுங்காலமாக ஒரே தடத்தில் செல்கிறது. போர்த் தோல்விக்குப் பின் உருமாறிய ஜப்பானில் மாறாது எஞ்சியவற்றை ஆசிரியர் தேடினார். கியோட்டோவின் பருவங்களையும் விழாக்களையும் மரங்களையும் பதிந்து வைத்தார். பிரிந்த இரட்டையரின் கதை அதற்கு ஒரு சாக்கு. அடங்கிய நடை, இயற்கையின் முன் மனிதர் கொள்ளும் அமைதியின் வடிவம் என்பது அவ்வாசிப்பின் சாரம். ஜப்பானின் துயரம் தோய்ந்த அழகைத் தவிர இனி வேறெதையும் எழுதப்போவதில்லை என்று போர் முடிந்த வேளையில் கவாபட்டா எழுதியது இதற்குத் துணைச்சான்றாக வைக்கப்படுகிறது.

இந்த வாசிப்பால் செரிக்க முடியாத ஓர் இடம் நாவலுக்குள்ளேயே உண்டு. கிமோனோத் துணி மொத்த வணிகரின் வளர்ப்பு மகளான சியேகோ, தன் உடன்பிறப்பு நயேகோவைக் காண நகருக்கு வடமேற்கே உள்ள கிதயாமா மலைக்கு வருகிறாள். அங்குள்ள சுகி எனும் ஊசியிலை மரங்கள்மீது சியேகோவுக்குத் தனிப் பற்று. கோணலின்றி நிமிர்ந்து நிற்கும் அவற்றைப் பார்த்தாலே மனம் தெளிகிறது என்பவள் அவள். அம்மலையில் கூலிவேலை செய்யும் நயேகோவோ வேறு விதமாகப் பேசுகிறாள். இவை மனிதர் உண்டாக்கிய மரங்கள். நாற்பது ஆண்டு வளர்ந்தவை. இனி வெட்டுண்டு தூணாகிவிடும். விட்டுவைத்தால் ஆயிரம் ஆண்டுகூட வளருமே என்று எப்போதாவது தனக்குத் தோன்றுவதுண்டு. மனிதர் கைபடாத காடே தனக்குப் பிடிக்கும். இந்தக் கிராமம் செய்வது கொய்மலர் விளைவிக்கும் தொழில் போன்றதுதான் என்கிறாள். பேச்சு அத்துடன் நிற்பதில்லை. மனிதர் இல்லாதிருந்தால் கியோட்டோவே இருந்திராது, இவ்விடமெல்லாம் மானும் காட்டுப்பன்றியும் ஆண்ட நிலமாக இருந்திருக்கும் என்று சொல்லி, மனிதர் எதற்காகத்தான் இவ்வுலகில் தோன்றினரோ, நினைத்தால் அச்சமாக இருக்கிறது என்று முடிக்கிறாள். சியேகோ வியந்துபோகிறாள்.

மரபு, இயற்கை, அமைதி ஆகிய மூன்றையும் ஒரே பொருளாகக் காணும் ஆய்வுகள் இப்பேச்சை இருவகையில் கடந்து செல்கின்றன. ஒன்று, மலைப்பெண்ணின் கள்ளமற்ற ஏக்கம் என்று கொள்வது. மற்றொன்று, கன்னிக்காட்டின் மீதான இந்த விருப்பத்தையே ஆசிரியரின் இயற்கை வழிபாட்டுக்குச் சான்றாக்குவது. முதல் விளக்கம் பேச்சின் உள்ளடக்கத்தைக் கவனிப்பதில்லை. ஏக்கத்தில் இருப்பவள் மரத்தின் வயதையும் அது போய்ச்சேரும் பயனையும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள். நயேகோ பேசுவது தொழில் தெரிந்தவளின் பேச்சு. இரண்டாம் விளக்கம் அதைவிடப் பலவீனமானது. அவள் விரும்பும் காடு நாவலில் எங்குமே இல்லை. நாவலில் இருப்பது அவள் விரும்பாத காடு. வாசகரும் திறனாய்வாளரும் இயற்கை என்று போற்றுவதும் அதையேதான்.

கிதயாமா மரத்தொழிலின் நடைமுறையை அறிந்தால் இப்பேச்சின் கூர்மை விளங்கும். நாககாவா சுற்றுவட்டாரத்தில் முரோமாச்சிக் காலம் தொட்டு வளர்ந்த இத்தொழில் தேநீர் அறைகளுக்கும், வீட்டில் மலரும் ஓவியமும் வைக்கும் டோகோனோமா மாடத்துக்கும் வழவழப்பான உருட்டுத் தூண்களைத் தருவது. உச்சியில் சிறு கொத்தாக இலையை விட்டுவைத்து, மற்றக் கிளைகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழித்துவிடுவர். இலை குறைவதால் மரம் மெல்லப் பருக்கிறது, அடிக்கும் நுனிக்கும் பருமன் வேறுபாடு குறைகிறது, கணு தெரிவதில்லை. வெட்டிய மரத்தின் பட்டையை உரித்து, போதாய் அருவியின் நுண்மணலால் தேய்த்து மெருகேற்றுவர். இவ்வேலையில் பெண்களின் பங்கு பெரிது. அடிமரம் ஒன்றிலிருந்தே பல நேர்த்தண்டுகளை எழுப்பி அறுவடை செய்யும் ‘தாய்சுகி’ முறையும் இங்கு உருவானதே. சியேகோவின் மனத்தைத் தொடும் அந்த நிமிர்வு, ஆக, கத்தியின் விளைவு. கிளை கழிக்க மரமேறிய நயேகோவின் தந்தை விழுந்து இறந்தது அவளுக்கு நினைவு தெரியும் முன்னரே. அச்செய்தியை நாவல் ஓரிரு வாக்கியங்களில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. அழகைத் தந்த கிளைக்கழிப்பும் தந்தையின் சாவும் ஒரே வேலையிலிருந்து வந்தவை என்று எந்த இடத்திலும் விளக்கப்படுவதில்லை. கவாபட்டாவின் அடங்கிய நடை இவ்வாறுதான் இயங்குகிறது: இரண்டு செய்திகள் தனித்தனியே தரப்படுகின்றன, இணைக்கும் வேலை வாசகருக்கு விடப்படுகிறது.

ஒரே பேச்சின்மீது இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு பாத்திரத்தின் கூற்றை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்வதற்கில்லை. ஆனால் நாவலின் பிற பகுதிகள் நயேகோவுக்கு எதிராகச் சாட்சி சொல்வதில்லை. முதல் அத்தியாயத்திலேயே வளர்க்கப்பட்ட இயற்கையும் தானாக முளைத்த இயற்கையும் அருகருகே வைக்கப்படுகின்றன. கடைவீட்டு முற்றத்து மேப்பிள் மரத்தின் இரண்டு பொந்துகளில், மேலொன்றும் கீழொன்றுமாக, நடுவாரின்றி வயலட் செடிகள் பூக்கின்றன. அவை ஒன்றையொன்று அறியுமோ என்று சியேகோ எண்ணுவது பின்னால் வரும் இரட்டையர் கதைக்கு முன்னறிவிப்பு என்பது எல்லோரும் சொன்னதே. அதே வீட்டில் ஒரு பழைய தம்பா சாடிக்குள் சியேகோ வளர்க்கும் மணிச்சில்வண்டுகள் பெற்ற கவனம் குறைவு. இருண்ட சாடிக்குள்ளேயே பிறந்து, பாடி, முட்டையிட்டு, மடியும் அப்பூச்சிகளின் ஒலியைத்தான் வீட்டார் இலையுதிர்கால இசையாகக் கேட்கின்றனர். கிதயாமாவின் மலைச்சரிவு முழுவதும் அந்தச் சாடியின் நிலையிலேயே இருக்கிறது.

நகரத்தின் பழமையும் இப்படியே. சியேகோ தொங்கு செர்ரி மலர்களைக் காணச் செல்லும் ஹேயான் ஆலயம் 1895இல் கட்டப்பட்டது. நெசவாளன் ஹிதேயோ நெய்த ஒபி கச்சையுடன் நயேகோ வந்து நிற்கும் ஜிடாய் மட்சுரி, அதாவது காலங்களின் ஊர்வலம், தொடங்கியதும் அதே ஆண்டில். நாவல் வாஞ்சையோடு குறிப்பிடும் கிதானோ டிராம் வண்டி 1961 ஜூலை இறுதியில் நிறுத்தப்பட்டது. கியோட்டோவில் மின்டிராம் முதலில் ஓடியதும் 1895தான். தலைநகர் என்ற தகுதியை டோக்கியோவிடம் இழந்த நகரம், தான் நிறுவப்பட்டு 1100 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடிய காலத்தில் உண்டாக்கிக்கொண்ட பழமை இது. கவாபட்டா இதை மறைக்கவில்லை. ஆலயம் மெய்ஜி காலத்தது என்று கதையோட்டத்திலேயே சொல்லிவிடுகிறார். தாவரவியல் பூங்காவுக்குக் குடும்பம் செல்லும் இடத்தில், அமெரிக்கப் படையினரின் குடியிருப்பாகப் பல ஆண்டுகள் கிடந்து அது அண்மையில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்ற தகவலும் வந்துவிடுகிறது. காலத்துக்கு அப்பாற்பட்ட கியோட்டோவை வரைய விரும்பியவர் இத்தகவல்களை விட்டிருக்கலாம், விடுவது எளிது.

நிஷிஜின் நெசவாளர் பகுதியும் இங்குச் சேரும். சியேகோவின் வளர்ப்புத் தந்தை தாகிச்சிரோ சாகாவிலுள்ள கன்னிமடமொன்றில் ஒதுங்கியிருந்து, மகள் கொடுத்த பால் கிளே ஓவிய நூலைப் பார்த்து ஒபி ஒன்றுக்கு வடிவம் வரைகிறார். மரபின் காவலராக நிற்க வேண்டிய வணிகர் ஐரோப்பிய நவீன ஓவியரிடம் செல்கிறார். அதில் உள்ளிணக்கம் இல்லை, நோயுற்ற தன்மை இருக்கிறது என்று கண்டு சொல்பவன் தறியில் உட்காரும் ஹிதேயோ. இங்கும் பொருளைச் சரியாக மதிப்பிடுவது கையால் செய்பவரின் வாயே. நயேகோவின் பேச்சுக்கு இதைவிட நெருங்கிய இணை நாவலில் இல்லை.

தூக்க மருந்தின் மயக்கத்தில் எழுதியதாகவும், எழுதியவற்றில் பலவும் நினைவில் இல்லையென்றும் கவாபட்டா நூலின் பின்னுரையில் சொல்லியிருப்பது அவ்வப்போது ஒரு தடையாக எழுப்பப்படுகிறது. அப்படிப்பட்ட நூலில் நுட்பமான அமைப்பைத் தேடுவது வீண் என்பது அதன் உட்கிடை. நூலாக்கத்தின்போது உரையாடல்களின் கியோட்டோ வழக்கு உள்ளூர்க்காரர் ஒருவரின் துணையோடு திருத்தப்பட்டதும் அதே பின்னுரையில் இருக்கிறது. நயேகோவின் பேச்சு உரையாடலே, திருத்தியபின்னும் நிலைத்திருக்கிறது. தடையை மேலும் பேச வேண்டியதில்லை.

இறுதி அத்தியாயத்தின் பனிக்காலைக் காட்சியே அமைதிவாதிகளின் பெரிய துருப்பு. ஓர் இரவு சியேகோவின் வீட்டில் தங்கிவிட்டு, மெல்லிய பனி தூவும் விடியலில் நயேகோ திரும்பிச் செல்கிறாள். நகர் இன்னும் உறங்குகிறது. இதை அழகின் உச்சமாக மட்டுமே பேசுவது வழக்கம். ஆனால் அவள் அந்நேரத்தில் போவதற்கான காரணம் உரையாடலிலேயே இருக்கிறது. இரவு நேரங்கழித்து வந்ததும் விடியுமுன் கிளம்புவதும் கடைக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. சியேகோவை அவள் கடைசிவரை எசமானி வீட்டுப் பெண்ணை அழைக்கும் மரியாதைச் சொல்லாலேயே அழைக்கிறாள். ஹிதேயோ தன்னை மணக்கக் கேட்டதையும், தன்னில் அவன் சியேகோவின் சாயலைத்தான் தேடுகிறான் என்று உணர்ந்து ஏற்காமல் இருக்கிறாள். இந்த விலகல்களில் எதுவும் உரத்துச் சொல்லப்படவில்லை. காட்சி அமைதியாக இருப்பது, வெளியே தெரியக் கூடாத ஓர் உறவு அதில் இருப்பதால். இயற்கையின் சாந்தியை அதற்குக் காரணமாக்குவோர் நயேகோவின் நிலையை அழகுக்கு விலையாகக் கொடுத்துவிடுகின்றனர்.

கவாபட்டா இத்தகைய வாசிப்பை வேறொரு நூல் குறித்து நேரடியாக மறுத்திருக்கிறார். 1968 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஆற்றிய நோபல் உரையில், ‘ஆயிரம் கொக்குகள்’ நாவலைத் தேநீர்ச் சடங்கின் அழகைப் போற்றும் நூலாகக் கொள்வது பிழை என்றும், அச்சடங்கு இன்று சீரழிந்துள்ள நிலை குறித்த ஐயத்தையும் எச்சரிக்கையையும் கொண்ட எதிர்மறைப் படைப்பு அது என்றும் விளக்கினார். உரையின் பெரும்பகுதி துறவிகளின் பருவக் கவிதைகளைப் பற்றியது. திறனாய்வாளர் அப்பகுதியையே மீண்டும் மீண்டும் எடுத்தாள்கின்றனர். ‘ஆயிரம் கொக்குகள்’ பற்றிய குறிப்புக்கு உரிய இடம் தரப்படுவதில்லை. அதை ‘கோத்தோ’வுக்கு அப்படியே பொருத்துவதும் முறையன்று, ‘கோத்தோ’வில் கசப்பு மிகக் குறைவு, மரங்களின் மீதுள்ள அன்பு மெய்யானது. அந்த அன்பு மரத்தை வெட்டி வளர்க்கும் கைகளை அறிந்தே வருவது என்பதுதான் இங்குக் கருதத்தக்கது.

கவாபட்டாவின் மற்றொரு நாவலான ‘பனி நாடு’க்கு இவ்வாதம் முழுமையாகப் பொருந்தாது. அங்கும் சிஜிமித் துணியைப் பனிமேல் விரித்து வெளுக்கும் பகுதியில், நெய்த பெண்கள் பெயர் தெரியாமல் மறைந்து துணி மட்டும் எஞ்சுவது பேசப்படுகிறது. ஆனால் அப்பகுதி 19ஆம் நூற்றாண்டில் சுசுகி போகுஷி எழுதிய ‘ஹொகுஎட்சு செப்பு’விலிருந்து பெரும்பாலும் எடுக்கப்பட்டு, டோக்கியோவிலிருந்து வந்து தங்கும் ஷிமாமுராவின் எண்ண ஓட்டமாக அமைகிறது. நெசவுப் பெண்கள் அங்கே இறந்தவர்களாக, படித்தறிந்தவர்களாக மட்டுமே வருகின்றனர். மலையில் வேலை செய்துகொண்டே அம்மலையைப் பற்றிப் பேசும் குரல் கவாபட்டாவிடம் ‘கோத்தோ’வில்தான் கேட்கிறது.