டுராக்கோவின் பச்சை ஒரிஜினல்... பச்சோந்தியின் பச்சை? நிறம் வந்த கதை இதுதான்!

இரண்டுமே பச்சை. இரண்டுமே மரத்தை விட்டு இறங்க யோசிக்கும் ஜீவன்கள். ஒன்று, ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் டுராக்கோ பறவை. இன்னொன்று, மடகாஸ்கர் தீவின் பேந்தர் பச்சோந்தி. ஆனால் அந்தப் பச்சை எங்கிருந்து வருதுன்னு பார்த்தால் கதையே வேற.

செம்பு கலந்த இறகு

பறவைகளின் பச்சை பெரும்பாலும் 'மிக்ஸிங்'தான். நம்ம ஊர் கிளியின் இறகில் பச்சைச் சாயமே கிடையாது. மஞ்சள் நிறமியும், நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்ணிய அமைப்பும் சேர்ந்துதான் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. டுராக்கோ இதில் விதிவிலக்கு. அதன் இறகில் டுராக்கோவெர்டின் என்ற நிஜமான பச்சை நிறமி இருக்கிறது. பறக்கும்போது இறக்கையில் பளிச்சிடும் சிவப்புக்குக் காரணம் டுராசின் என்ற இன்னொரு நிறமி. இரண்டிலும் இருப்பது செம்பு! டுராசினில் செம்பு இருப்பதை ஆங்கிலேய வேதியியலாளர் ஆர்தர் சர்ச் 1869-லேயே எழுதிவிட்டார். எஸ்வாட்டினி நாட்டு அரச குடும்பத்தினர் தலையில் சூடுவதும் இந்தச் சிவப்பு இறகைத்தான்.

பச்சோந்தி எப்படி மாறுது?

பச்சோந்தியின் பச்சை, கிளியைப் போலக் கலவைதான். ஆனால் அதை மாற்றிக்கொள்ள முடியும். தோலுக்குள் இருக்கும் செல்களில் குவானின் என்ற பொருளின் மிகச்சிறிய படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருக்கமாக இருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே இருக்கும் மஞ்சளோடு சேர்ந்து அது பச்சையாகிறது. ஆண் பச்சோந்தி எதிராளியையோ பெண்ணையோ பார்த்துவிட்டால் படிகங்களின் இடைவெளி கூடும். சில நிமிடங்களில் பச்சை போய் மஞ்சள், ஆரஞ்சு வந்துவிடும். ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் இதை விளக்கினார்கள்.

அதாவது, பச்சோந்தி முக்கியமாக மாறுவது உட்கார்ந்திருக்கும் இடத்துக்காக அல்ல. மனநிலை, வெப்பம், வெளிச்சத்துக்காக. கலர் கண்ணாடி மேல் விட்டதும் அதே நிறமாகும் வைரல் வீடியோ எல்லாம் எடிட்டிங். கட்சி தாவுபவர்களைப் பச்சோந்தின்னு திட்டுவதும் அதுக்குச் செய்யும் அநியாயம்தான்.

வாங்கி வளர்க்கலாமா?

பேந்தர் பச்சோந்தியும் பல டுராக்கோ இனங்களும் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் 2-வது பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவில், 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்ஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். 'ஆன்லைன்ல கிடைக்குது'ன்னு ஆர்டர் போடுவது சிக்கலில்தான் முடியும்.

இன்னொன்று. கண்ணாடிக் கூண்டில் பச்சோந்தி பளபளவென நிறம் மாறினால் குஷியில் இருக்குன்னு நினைக்க வேண்டாம். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தையே எதிராளின்னு நினைத்து அது சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருக்கலாம்.