கீழ்ப்பாக்கம் என்பது ஓர் ஊரின் பெயர்

பதிவு கொஞ்சம் நீளம். ரிட்டயர்டு வாத்தியார்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் ஏதோ எழுத, இன்னொருவன் "உன்னைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா" என்று பதில் போட்டிருந்தான். அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த வசனத்தை வகுப்பறையில் நானே சொன்னவன்.

ஒன்பதாம் வகுப்பு, வரலாற்றுப் பாடம். ஒருவன் தப்பும் தவறுமாகப் பதில் சொன்னான். "உனக்குக் கீழ்ப்பாக்கத்துல இடம் பார்க்கட்டுமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. அடுத்த மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவன் பாட்டி வந்தார். "அவன் அம்மாவ அங்கதான் சாமி வச்சிருக்கு. பசங்க கிட்ட சொல்லிப்புட்டீங்களோன்னு பயந்துக்கிட்டு வரமாட்டேங்குறான்" என்றார். எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் தெரியாது என்பது ஒரு சமாதானமா?

மறுநாள் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவன் பக்கம் திரும்பாமல், "அன்றைக்கு நான் சொன்னது தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த இடத்தின் வரலாற்றைக் கரும்பலகையில் எழுதினேன். அன்று சொன்னதையும் பிறகு தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

1794-இல் வாலன்டைன் கொனொலி என்ற கம்பெனி மருத்துவர் சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி தொடங்கினார். 1871-இல் அரசு மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற பெரிய நிலப்பரப்புக்கு வந்தது. அன்று அதன் பெயரே பைத்தியக்கார விடுதி என்ற பொருளில்தான் இருந்தது. 1922-இல் 'மனநோய் மருத்துவமனை' ஆனது, இன்று மனநலக் கழகம். பலகை மாறிக்கொண்டே வந்தது. வசவு மட்டும் மாறவில்லை.

ஏன்? 1912-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான நோயாளிகள் மாஜிஸ்திரேட் உத்தரவோடுதான் உள்ளே போனார்கள். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவது போல அங்கே போக முடியாது. கோர்ட்டு, போலீஸ், உயர்ந்த மதில் என்று வரும்போது பார்க்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியும் ஜெயிலும் ஒன்றாகத்தான் தெரியும். இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. கேரளத்தில் குதிரவட்டம், இலங்கையில் அங்கொடை, வடக்கே ஆக்ரா, ராஞ்சி என்று எல்லாமே இப்படிக் கேலிச் சொற்களானவை. லண்டனின் பெத்லெம் மருத்துவமனையின் பெயர் திரிந்துதான் 'பெட்லம்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. கூச்சல் குழப்பத்துக்கு அந்தச் சொல்.

அன்று ஒரு மாணவன் கேட்டான்: "சார், அங்க போனவங்க திரும்பி வருவாங்களா?" கேட்டது அந்தப் பையன் அல்ல. ஆனால் அவன் தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். வருவார்கள் என்றேன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் அந்த மருத்துவமனைக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர். சிகிச்சை முடிந்தவர்கள் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்ப வேண்டும் என்று பாடுபட்டவர். ஓய்வுக்குப் பிறகு 1984-இல் அதற்கென்றே 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். அதையெல்லாம் சொன்னேன்.

பிறகு வந்தது 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில், விடியும் முன்னே கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். பத்திரிகையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர்களை அங்கே விட்டவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வறுமை ஒரு காரணம், நம்பிக்கை ஒரு காரணம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் சிரிக்கும், பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது என்ற பயமும் ஒரு காரணம். அந்த 'ஊர்' யார்? என் வகுப்பறையும்தான். நாம் சிரிக்கிறோம், அவர்கள் மறைக்கிறார்கள். மறைப்பதால் வைத்தியம் தள்ளிப் போகிறது. கடைசியில் சங்கிலி வருகிறது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. ஆனால் சிரிப்பை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. அது நம் பொறுப்பு.

அந்தப் பையனின் அம்மா வீடு திரும்பினார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சமைத்தார், வயல் வேலைக்கும் போனார். மகன் கல்யாணத்தில் எனக்கு அவர் கையால்தான் பாயசம் விழுந்தது. இதை எழுதலாமா என்று அவனுக்குப் போன் செய்து கேட்டேன். "பேரு மட்டும் வேண்டாம் சார். எழுதுங்க" என்றான். எந்த வருடத்து மாணவன் என்று தேடாதீர்கள். அவனும் நம் குழுவில்தான் இருக்கிறான். போன வாரத்துச் சிரிப்பையும் பார்த்திருக்கிறான்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ மனசு சரியில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் 'டெலி மானஸ்' எண், காசு கிடையாது. பேசத் தயக்கமாக இருந்தால் எனக்குக் கூப்பிடுங்கள், துணைக்கு நானும் வருகிறேன். அன்றைக்குச் சிரிக்க வைத்தவன் நான். அந்தக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது.